டிக்கெட் தாத்தா பார்த்த பறவைகள்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்த விடுதியில் யாரும் எழுந்து போகக் கூடாது. தட்டுகளை எடுத்து, மேசையைத் துடைத்த பிறகு கைடு அக்கா பெயர் வாசிப்பார்.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான். ஆனால் அவர் வாசிப்பது பிள்ளைகளின் பெயரை அல்ல, பறவைகளின் பெயரை.

"மரங்கொத்தி?"

"பார்த்தேன்."

"நானும் பார்த்தேன்."

"நான் வாலை மட்டுந்தான் பார்த்தேன்."

"வால் போதும். அடுத்தது, மீன்கொத்தி?"

அது காட்டோரத்தில் இருந்த விடுதி. பறவை பார்க்கிறவர்கள் வந்து தங்குகிற இடம். காலையில் வேனில் ஏறிக் காட்டுக்குப் போவார்கள், இருட்டுவதற்குள் திரும்பி வருவார்கள். அந்தப் பகுதியில் உள்ள பறவைகளின் பெயரெல்லாம் அச்சடித்த பட்டியல் ஒன்று உண்டு. பறவைக்கு ஒரு வரி, ஆளுக்கு ஒரு கட்டம். பார்த்திருந்தால் கட்டத்தில் டிக் விழும்.

டிக் போடுகிற வேலை சோடாவுடையது.

சோடா என்பது அவளுடைய பெயர் இல்லை. அவள் போட்டிருக்கும் கண்ணாடி, சோடா பாட்டிலின் அடிப்பாகம் போலத் தடியாக இருந்ததால் அவளுடைய அண்ணன் வைத்த பெயர். முதலில் அழுதாள். பிறகு பழகிவிட்டது. இப்போது அம்மாகூட அவசரத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார். அண்ணனின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் கைடு அக்கா பென்சிலைச் சோடாவிடம் கொடுத்துவிட்டார்.

"இதுல ஒரு விதி இருக்கு" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் கைடு அக்கா. "யாரும் யாரையும் நிரூபிக்கச் சொல்லக் கூடாது. பார்த்தேன்னு சொன்னா நம்பிடணும். கடைசி நாள் இந்தப் பட்டியலை வரவேற்பறைச் சுவத்துல ஒட்டிடுவோம். அடுத்து வர்றவங்க அதைப் பார்த்துத்தான் எங்க போகலாம், எதைத் தேடலாம்னு முடிவு பண்ணுவாங்க."

"அதிகம் பார்த்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டார் கேமரா மாமா. அவருடைய கேமராவின் லென்ஸ் தண்ணீர்க் குழாய் நீளம் இருந்தது. அதைக் கைக்குழந்தை போல மடியிலேயே வைத்திருப்பார்.

"ஒரு தொப்பி உண்டு."

"அப்ப சரி" என்றார் கேமரா மாமா, தொப்பி ஏற்கெனவே தன் தலையில் இருப்பது போல.

ஆனால் போகப் போகப் பட்டியலில் வேறொருவரின் கட்டங்கள்தாம் நிரம்பின. அவர் டிக்கெட் தாத்தா.

*

டிக்கெட் தாத்தா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக வந்திருந்தார். வேனில் சீட்டு நம்பர் கிடையாது. அவரே எல்லோருக்கும் நம்பர் போட்டுக் கொடுத்தார். மாறி உட்கார்ந்தால் தொண்டையைச் செருமுவார். அறையைப் பூட்டிவிட்டு வேன் வரை வந்து, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போவார். வந்து ஏறி உட்கார்ந்தபின் இன்னொரு முறை போவார்.

சோடாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. ரயில் கதைகளாகச் சொல்வார்.

"டிக்கெட் எடுக்காதவங்களை எப்படித் தாத்தா கண்டுபிடிப்பீங்க? எல்லார்கிட்டயும் கேப்பீங்களா?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டான்.

"கேக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும் தம்பி. டிக்கெட் இருக்கறவன் என் மூஞ்சியைப் பார்ப்பான். எப்படா வருவான், காட்டிட்டுத் தூங்கலாம்னு. டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளிய பார்ப்பான். வெளிய கும்மிருட்டா இருக்கும். ஆனா சினிமா ஓடற மாதிரி பார்த்துக்கிட்டிருப்பான்."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, சட்டென்று முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டார். அதற்கும் சிரித்தார்கள்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரொம்ப நாள் கெஞ்சி லீவு வாங்கி வந்திருந்தார். அவருக்கு இருவாச்சி பார்க்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான். பெரிய மஞ்சள் அலகும், அந்த அலகின் மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கொண்டையும் உள்ள பறவை அது. அதைப் பார்க்கக் கடைசி நாள் காலையில்தான் கூட்டிப்போவதாகக் கைடு அக்கா சொல்லியிருந்தார்.

டிக்கெட் தாத்தாவும் அதற்காகத்தான் வந்தார். "சின்ன வயசுல ஒரு காலண்டர்ல பார்த்தேன். அதுலேர்ந்து ஆசை" என்றார்.

*

மூன்றாம் நாள் வரைக்கும் சோடாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று தோன்றியது.

காட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். கைடு அக்கா கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள்.

"மாங்குயில். பத்து மணித் திசையில பாருங்க" என்று கிசுகிசுத்தார்.

கடிகாரத்தின் முள் பத்தைக் காட்டும்போது எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமோ அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் இடப்பக்கம் மேலே பைனாகுலரைத் தூக்கினார்கள்.

டிக்கெட் தாத்தா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப ஏழுதானே ஆவுது?" என்று முணுமுணுத்தார். பிறகு எல்லோரையும் பார்த்துவிட்டு, அவசரமாகப் பைனாகுலரைத் தூக்கினார். அது வலப்பக்கம் இருந்த பாறையைப் பார்த்தது.

"ஆஹா, என்ன மஞ்சள்!" என்றார் அம்மா.

"ஆமாமா, நல்ல மஞ்சள்" என்றார் டிக்கெட் தாத்தா, பாறையைப் பார்த்துக்கொண்டே.

அன்று மாலையே இன்னொன்றும் நடந்தது. விடுதிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு மூங்கில் புதர் இருந்தது. அங்கே கைடு அக்கா ஒரு பறவையைக் காட்டினார். தவளைவாயன் என்று பெயர். பகல் முழுக்க ஆடாமல் அசையாமல் காய்ந்த இலை போல உட்கார்ந்திருக்கும். இரவில்தான் பறக்கும்.

புதர் முழுக்கக் காய்ந்த இலை.

"தெரியுதா?" என்றார் கைடு அக்கா.

"ஓ, தெரியுதே!" என்றார் கேமரா மாமா. அம்மாவுக்கும் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்தது. டிக்கெட் தாத்தாவுக்கு எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்தது. சோடாவும் "தெரியுது" என்றாள்.

அன்று இரவு பெயர் வாசிக்கும்போது சோடா கவனித்தாள். "மாங்குயில்?" என்று கைடு அக்கா கேட்டதும், "பார்த்தேன்" என்று சொன்ன டிக்கெட் தாத்தா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "தவளைவாயன்?" என்றதும் மறுபடி ஜன்னல். வெளியே கும்மிருட்டு.

சோடாவின் பென்சில் கட்டத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு டிக் போட்டது. சொன்னால் நம்ப வேண்டும். அதுதான் விதி.

அப்போது கரன்ட் போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தில் கைடு அக்கா வேகமாக வாசித்துக்கொண்டே போனார். அந்த வேகத்தில் வாசிக்கத் தேவையில்லாத ஒரு வரியையும் வாசித்துவிட்டார்.

"சாம்பல் வாலாட்டி?"

யாரும் பேசவில்லை.

"பார்த்தேன்" என்றார் டிக்கெட் தாத்தா.

கைடு அக்கா தலையைத் தூக்கினார். கேமரா மாமா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"சார், அது குளிர்காலத்துல மட்டுந்தானே இங்க வரும்? இப்ப நல்ல வெயில் காலமாச்சே."

"ஒண்ணு தங்கியிருக்கும்."

"எங்க பார்த்தீங்க?"

"ஆத்தோரம்."

"அடேங்கப்பா! வெயில் காலத்துல வாலாட்டி! அது பெரிய விஷயம் சார். நாளைக்குக் காலையில எனக்குக் காட்டுங்க. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார் கேமரா மாமா. நம்பிக் கேட்கிறாரா, கிண்டலுக்குக் கேட்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத மாதிரி சிரித்தார்.

"யாரும் யாரையும் நிரூபிக்கச் சொல்லக் கூடாது" என்றார் கைடு அக்கா. "சோடா, டிக் போட்டுடு. அடுத்தது, காக்கை?"

காக்கைதான் எப்போதும் கடைசி. அந்தப் பெயர் வரும்போது எல்லோரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். காக்கையை யார் பார்க்கவில்லை?

*

"அந்தத் தாத்தா புளுகறார்மா" என்றான் அண்ணன், அறைக்கு வந்ததும்.

"பெரியவங்களை அப்படிச் சொல்லக் கூடாது" என்றார் அம்மா. புளுகவில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைச் சோடா கவனித்தாள்.

தண்ணீர் பாட்டிலைச் சாப்பாட்டு அறையிலேயே விட்டுவிட்டாள். எடுக்கப் போனாள். கரன்ட் வந்திருந்தது. அறையில் யாரும் இல்லை. மேசை மேல் பாட்டில் இருந்தது. பக்கத்திலேயே டிக்கெட் தாத்தாவின் பைனாகுலரும் இருந்தது. பூட்டை இரண்டு முறை பார்க்கிற மனிதர், அதை மறந்துவிட்டுப் போயிருந்தார்.

புத்தம் புதுசு. விலைச் சீட்டு ஒட்டியிருந்த பசைகூடப் போகவில்லை. சோடா அதை எடுத்துக் கண்ணில் வைத்து எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் கறுப்பு. நடுவில் சாவித் துவாரம் அளவுக்கு ஒரு வெளிச்சம்.

இதை அவள் முன்னாலேயே பார்த்திருக்கிறாள். முதல் நாள் விடியற்காலை, முற்றத்தில், அவளுடைய பைனாகுலரிலும் இப்படித்தான் தெரிந்தது. "என் கண்ணு கெட்டுப்போச்சு" என்று அழ ஆரம்பித்தபோது கைடு அக்கா வந்து, கண்ணை வைக்கிற இடத்தில் இருந்த ரப்பர் வளையங்களைப் பிடித்து ஒரு திருகு திருகினார். அவை உள்ளே இறங்கின.

"கண்ணாடி போட்டவங்க இதை உள்ள தள்ளிடணும். இல்லேன்னா கண்ணு ரொம்பத் தூரத்துல நிக்கும், ஒண்ணும் தெரியாது" என்றார். உடனே உலகம் முழுசாகத் தெரிந்தது.

அப்போது டிக்கெட் தாத்தா அங்கே இல்லை. அறையைப் பூட்டினோமா என்று பார்க்கப் போயிருந்தார். இரண்டாவது முறை.

டிக்கெட் தாத்தாவும் கண்ணாடி போட்டிருக்கிறார். வளையங்கள் இரண்டும் முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சோடா வளையத்தின் மேல் விரலை வைத்தாள். திருகவில்லை. அடுத்தவர் சாமான். அதோடு, இரவோடு இரவாக அது சரியாகிவிட்டால் அவருக்குச் சந்தேகம் வரும். வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்படுவதே அவருடைய வேலையாக இருந்திருக்கிறது.

நாளை காலையில் எல்லோர் முன்னாலும் சொல்லலாம். "தாத்தா, இதை இப்படித் திருகணும்" என்று. அப்படியானால் இத்தனை நாள் பார்த்ததெல்லாம் என்ன என்று கேமரா மாமா கேட்பார். கட்டாயம் கேட்பார்.

பைனாகுலரை அதே இடத்தில் வைத்துவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தாள்.

*

கடைசி நாள் காலையில் காட்டின் ஓரத்தில் வேன் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். டிக்கெட் தாத்தா இறங்கவில்லை.

"முட்டி வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

"சார், இருவாச்சி! அந்தப் பெரிய அத்திமரத்துல பழம் இருக்கு. கண்டிப்பா வரும்" என்றார் கைடு அக்கா.

"பரவாயில்லை மேடம்."

"அப்ப என் வாலாட்டி?" என்றார் கேமரா மாமா.

டிக்கெட் தாத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

சோடாவுக்கு இருவாச்சி வேண்டும். ரொம்பவே வேண்டும். அம்மா காலண்டரில் தேதியை வட்டமிட்ட நாளிலிருந்து வேண்டும். ஆனால் இந்த மனிதர் காலண்டரில் இருவாச்சியைப் பார்த்துவிட்டு, ஒரு பாறையையும் நிறையக் கறுப்பு வட்டத்தையும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பப் போகிறார்.

"அம்மா, எனக்கு ஷூ கடிக்குது. நானும் இங்கயே இருக்கேன்" என்றாள்.

"என்னடி இது கடைசி நேரத்துல!"

"ரொம்பக் கடிக்குது."

அம்மா அவளைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், கைடு அக்கா நடக்க ஆரம்பித்துவிட்டதைப் பார்த்தார். "வேனை விட்டு எங்கயும் போகக் கூடாது. தாத்தா, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

டிரைவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். வேனில் கொஞ்ச நேரம் அவருடைய குறட்டை மட்டுமே கேட்டது.

"உனக்கு இருவாச்சி பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார் டிக்கெட் தாத்தா.

"வேணும்."

"அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்க?"

"ஷூ கடிக்குது" என்று சொல்லிவிட்டு, சோடா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"பாப்பா" என்றார் டிக்கெட் தாத்தா. "முழி சரியில்லையே."

சோடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஷூ கடிக்கல" என்றாள்.

அவர் தன் முட்டியைத் தடவிப் பார்த்தார். "எனக்கும் முட்டி வலிக்கல" என்றார்.

சோடா தன் பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

"தாத்தா, முதல் நாள் எனக்கு இதுல ஒண்ணுமே தெரியல. சுத்திலும் கறுப்பா, நடுவுல சாவித் துவாரம் மாதிரி இருந்துச்சு. கண்ணு போயிடுச்சுன்னு அழுதுட்டேன். அண்ணன் இப்பவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறான்."

டிக்கெட் தாத்தா அவள் பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் அப்படித்தானே தெரியும்?"

"இல்ல தாத்தா."

"இல்லையா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எல்லாருக்கும் அந்த ஓட்டைதான் தெரியும்னு நினைச்சேன். அதுக்குள்ள இவங்கள்லாம் எப்படிக் குருவியைப் பிடிக்கறாங்க, நமக்குத்தான் சாமர்த்தியம் போதலன்னு..."

"கண்ணாடி போட்டவங்க இந்த ரப்பர் வளையத்தை உள்ள திருகிடணும். எனக்குக் கைடு அக்கா திருகிக் குடுத்தாங்க. நீங்க அப்பப் பூட்டைப் பார்க்கப் போயிருந்தீங்க." அவள் தன்னுடையதைத் திருகிக் காட்டினாள். "அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

டிக்கெட் தாத்தா தன் பைனாகுலரை எடுத்தார். ஒரு வளையத்தைத் திருகினார். பிறகு இன்னொன்றை. கண்ணில் வைத்து, ஜன்னல் வழியே எதிரே இருந்த கம்பத்தைப் பார்த்தார். கம்பத்தின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். பைனாகுலர் ஜன்னலில் முட்டியது.

"பாப்பா" என்றார் கடைசியில், பைனாகுலரை இறக்காமல். "இது கண்ணு சிமிட்டுது."

"ஆமா தாத்தா."

"கழுத்துல சாம்பல் நிறம். இறக்கை கறுப்பு இல்ல, நீலம் மாதிரி மின்னுது. நான் இத்தனை வருஷமா ஸ்டேஷன் ஸ்டேஷனாக் காக்கா பார்த்திருக்கேன். எவனும் இதைச் சொல்லல. அட, வாயைத் திறக்குது! என்னையே திட்டுது!"

காக்கை கத்தியது. டிரைவர் துண்டுக்குள்ளிருந்து "ம்ம்" என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்திலிருந்து, மரங்களுக்கு மேலே. புஸ்... புஸ்... புஸ்...

டிக்கெட் தாத்தா நிமிர்ந்தார். "என்ன இது, நிலக்கரி இன்ஜின் மாதிரி! இங்க ரயில் பாதை இருக்கா?"

"இல்லையே."

"ரயில் வருது பாப்பா. எனக்குத் தெரியாதா?"

இருவரும் வேனிலிருந்து குதித்தார்கள். முட்டி நன்றாகவே வேலை செய்தது. சத்தம் தலைக்கு மேலே வந்தது. மரங்களின் உச்சியை ஒட்டி, கறுப்பும் வெள்ளையுமாக, ஆள் உயரத்துக்குச் சிறகை விரித்துக்கொண்டு ஒன்று போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று. மஞ்சள் அலகு. அதன் மேல் கவிழ்த்து வைத்த கொண்டை. ஒவ்வொரு முறை சிறகடிக்கும்போதும் இன்ஜின் மூச்சு விட்டது.

அவை அத்திமரம் இருந்த பக்கமாகப் போய் மறைந்தன.

இருவர் கையிலும் பைனாகுலர் இருந்தது. இருவரும் அதைத் தூக்கவே இல்லை.

"காலண்டர்ல சத்தம் வரலையே" என்றார் டிக்கெட் தாத்தா.

*

ஊருக்குக் கிளம்புமுன் கடைசி முறையாகப் பெயர் வாசிக்க எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். அம்மாவின் முகம் பல்பு போல எரிந்தது. இருவாச்சிகள் அத்திமரத்தில் வந்து உட்கார்ந்து பழம் தின்றனவாம். கேமரா மாமாவின் முகம் அணைந்திருந்தது. சரியாக அந்த நேரத்தில் அவருடைய கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

தொப்பி மேசையின் நடுவில் இருந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் கைடு அக்கா.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று எழுந்தார் டிக்கெட் தாத்தா. "பாப்பா, என் கட்டத்தையெல்லாம் அழிச்சிடு."

"எல்லாத்தையுமா தாத்தா?"

"எல்லாத்தையும். காக்காவும் இருவாச்சியும் மட்டும் போடு. அதுவும் இன்னைக்குப் பார்த்ததுதான்."

கேமரா மாமா தொப்பியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஏன் சார்?" என்றார் கேமரா மாமா.

"டிக்கெட் இல்லாம வந்துட்டேன்" என்றார் டிக்கெட் தாத்தா. ஜன்னலைப் பார்க்கவில்லை, கேமரா மாமாவின் முகத்தைப் பார்த்தார். "பைனாகுலர்ல எனக்கு ஒண்ணுமே தெரியல. கேக்க வெட்கம். எல்லாரும் பார்த்தேன்னு சொன்னீங்க, நானும் சொன்னேன். அந்த வாலாட்டி சுத்தப் பொய். சுவத்துல ஒட்டினா, யாராவது நம்பி வந்து ஆத்தோரம் நிப்பாங்க."

கேமரா மாமா வாயைத் திறந்தார். சோடா பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சார்" என்றார் கேமரா மாமா. மூக்கைச் சொறிந்தார். "அந்தத் தவளைவாயன்... எனக்கும் தெரியல. இலைதான் தெரிஞ்சுது."

"உங்களுக்கும் தெரியலையா?" என்றார் அம்மா. "நீங்க தெரியுதுன்னு சொன்னதால நானும் சொன்னேன்!"

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியலன்னு நினைச்சேனே!" என்றான் அண்ணன்.

எல்லோரும் சோடாவைப் பார்த்தார்கள். சோடாவுக்குக் காது சூடானது. அவள் ரப்பரை எடுத்து, தவளைவாயன் வரியில் முதலில் தன்னுடைய கட்டத்தை அழித்தாள். பிறகு வரிசையாக மற்ற எல்லோருடையதையும்.

கைடு அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். முதலில் அழுகிறார் என்று சோடா நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான்கூட நினைச்சேன், என்னடா இது, ஒரு ஆள்கூட எங்க எங்கன்னு கேக்கலையே, இவ்வளவு கெட்டிக்காரங்களான்னு. எந்திரிங்க எல்லாரும். அது இன்னும் அங்கதான் உக்காந்திருக்கும்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். இந்த முறை யாரும் அவசரப்படவில்லை. மூங்கில் புதர். காய்ந்த இலை. அதற்குப் பக்கத்தில் காய்ந்த இலை. அதற்கும் கீழே காய்ந்த இலை. அந்த இலைக்கு ஒரு மீசை இருந்தது.

"மீசை!" என்றாள் சோடா.

"எங்க? எங்க?" என்றார்கள் எல்லோரும் ஒரே நேரத்தில்.

அவள் சொன்னாள். குறுக்கே கிடக்கும் கழி, அதில் இருக்கும் முடிச்சு, முடிச்சுக்கு இடப்பக்கம். ஒவ்வொருவராகப் "ஓ" என்றார்கள். நிஜமான "ஓ" கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.

டிக்கெட் தாத்தாவுக்கும் தெரிந்தது. அவர் நன்றாகப் பார்த்து முடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வரிசையின் தொடக்கத்துக்குப் போனார்.

"டிக்கெட்?" என்றார் கேமரா மாமாவிடம்.

"அகலமான வாய், மேலே மீசை" என்றார் கேமரா மாமா, பள்ளிப் பையன் போல நிமிர்ந்து நின்று.

"போகலாம். டிக்கெட்?"

"கண்ணு லேசாத் திறந்திருக்கு, கோடு மாதிரி" என்றார் அம்மா.

"போகலாம். தம்பி, டிக்கெட்?"

"பார்த்துட்டேன் தாத்தா" என்றான் அண்ணன், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"தம்பி, முழி சரியில்ல. திரும்ப நில்லு."

அண்ணன் பார்த்து முடிக்கும்வரை வேன் கிளம்பவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார். "ஒரு பயணி பாக்கி இருக்கார்" என்று கத்தினார் டிக்கெட் தாத்தா. தவளைவாயன் அசையவே இல்லை. அதற்கு இதெல்லாம் பழக்கம் போல.

தொப்பி கேமரா மாமாவுக்குப் போனது. அவர் தலைக்கு அது சின்னது. இருந்தாலும் உச்சியில் வைத்துக்கொண்டே வந்தார். பட்டியல் வரவேற்பறைச் சுவரில் ஏறியது. அதில் டிக்கெட் தாத்தாவின் பெயருக்குக் கீழே காக்கை, இருவாச்சி, தவளைவாயன் என்று மூன்றே டிக். மூன்றையும் சோடா பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்திப் போட்டிருந்தாள்.

வேன் மலைப்பாதையில் இறங்கியது. எல்லோரும் அவரவர் நம்பரில் உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் தாத்தா பைனாகுலரைக் கண்ணில் வைத்து, வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

யாரும் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை.